கொக்குகளுக்குக் கட்டிய மேடு

விடிந்ததும் அப்துல் கபூர் ஒரு வாளி மீன்குடலோடு காத்தான்குடி வாவிக்கரைக்குப் போய்விடுவார். பழைய வாகன பற்றரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, வீச்சுவலைக்குக் குண்டு வார்ப்பது அவர் தொழில். உலையில் மிஞ்சும் சாம்பலையும் கசடையும் கொட்டித்தான் கரையில் ஒரு மேடு கட்டியிருந்தார். கொக்குகள் சேற்றில் கால் புதையாமல் நின்று தின்னட்டுமாம். அப்படியொரு இளகிய மனசு மனுசனுக்கு!

ஒரு காலத்தில் வாளிச் சத்தம் கேட்டாலே கண்டல் மரங்களிலிருந்து கொக்குகள் கூட்டமாக எழும்பி வரும். கலியாணம் முடித்த புதிதில் அவர் மனைவி ஸாதியா எண்ணத் தொடங்கி, அறுபதைத் தாண்டியதும் எண்ணிக்கை பிசகிச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைக் கேட்கவே அவர் இரண்டாவது வாளியும் தூக்கிப் போனதுண்டு. எப்பேர்ப்பட்ட காலைகள் அவை!

இன்று வந்தது, கால் வளைந்திருந்ததால் அவர்கள் நொண்டியன் என்று கூப்பிடும் கொக்கு மட்டும்தான். அதுவும் சிறகைத் தொங்கப்போட்டபடி நடந்து வந்தது.

"இஞ்சருங்க, கழுத்தையும் தூக்க ஏலாம இரிக்கி இது," என்றாள் ஸாதியா. அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம்தான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தக்ஷாயினி வந்தாள். போன மாதம் அந்த மேட்டில் உதிர்ந்து கிடந்த இறகுகளைச் சோதிக்க எடுத்துப் போனவள் அவள்.

"நாநா, அந்த இறகெல்லாத்திலயும் ஈயம் கூடிப்போய் இருக்கு."

"என்ன புள்ள விசர்க்கதை கதைக்கிறாய்? கொக்கு என்ட பட்டறைக்கு வந்து ஈயமா தின்னுது?"

"பட்டறைக்கு வரத் தேவையில்லையே, நாநா. நீங்க குடல் போடுற இந்த மேட்ட என்னத்தால கட்டினீங்க?"

கபூர் குனிந்தார். கீழே கிடந்த குடலில் சாம்பல் ஒட்டியிருந்ததை இத்தனை வருசத்தில் இன்றைக்குத்தான் பார்த்தார்.

"அல்லாஹ்வே! பாசம் பாசமெண்டு நஞ்சையல்லோ ஊட்டியிரிக்கன்!"

ஸாதியா மெல்லக் கேட்டாள். "தங்கச்சி, இந்த மேட்டடியிலதானே நாங்க கறிக்கு இறால் புடிக்கிற?"

"இனிப் புடிக்காதீங்க, அக்கா. ரெண்டு பேரும் ரத்தத்தச் சோதிச்சிப் பாருங்க."

நொண்டியன் மத்தியானம்வரை தாங்கவில்லை. அதைப் புதைத்துவிட்டு வந்த கபூர், அதன் பிறகு உலை மூட்டவில்லை. மறுவாரம் மேட்டை முறையாக அள்ளி அகற்ற ஆட்கள் வந்தபோது, வலைக்குக் குண்டு கேட்டு ஒரு மீனவரும் வந்து நின்றார்.

"உலைய மூடிட்டன், தம்பி. நாம வாவியில கொட்டுற நஞ்சு வாவியோட நிக்காது. முதல்ல கொக்குட இறகுல ஏறும், மறுகா நம்மட சோத்துக் கோப்பைக்கு வரும். அறுபது கொக்கு ஒண்டாக் குறையும்வரைக்கும் எனக்கு இது விளங்கல்ல. நீயாவது இப்பவே விளங்கிக்க."