கையெழுத்துப் போட்டவர்

பாதுகாப்பு அதிகாரி புதன்கிழமை வருகிறார் என்று கடிதம் வந்ததும் அண்ணன் பட்டறையைத் தலைகீழாகப் புரட்ட ஆரம்பித்தான். தகரத்தை அழுத்தி டப்பா மூடி செய்கிற அவனுடைய சொந்தப் பட்டறை அது. தரையில் மஞ்சள் கோடு போட்டோம், அவசர வழியை அடைத்துக்கிடந்த அட்டைப்பெட்டிகளை நகர்த்தினோம். வருஷம் முழுக்க எட்டிப்பார்க்காதவர்கள்கூட முதலுதவிப் பெட்டியைத் திறந்து திறந்து மூடினார்கள். பதிவேடுகளெல்லாம் என் தலையில்.

விபத்துப் பதிவேட்டில் பன்னிரண்டு மாதத்துக்கும் "விபத்து இல்லை" என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான்தான். என் வீட்டுக்காரரின் வலது கையில் இரண்டு விரல் போனது அதே பட்டறையில், அதே வருஷத்தில். அது வெளியே தெரிந்தால் பட்டறைக்குப் பூட்டு விழும், பதினெட்டுக் குடும்பம் தெருவுக்கு வரும் என்றான் அண்ணன். என் குடும்பமும் அதில் சேர்த்தியா என்று நான் கேட்கவில்லை.

ஒருத்தருக்கு விரல் போனால் எங்கள் ஆட்கள் "விரல் போச்சு" என்று சொல்லமாட்டார்கள். "கையெழுத்துப் போட்டுட்டாரு" என்பார்கள். யார் ஆரம்பித்த பேச்சோ, சொல்லிச் சொல்லி அதன் கொடுமை யாருக்கும் உறைப்பதில்லை.

புதன்கிழமை என் வீட்டுக்காரரை வீட்டிலேயே விட்டுவிடலாம் என்றேன். வருகைப் பட்டியலில் ஆள் குறைந்தால் கேள்வி வரும் என்று அண்ணன் மறுத்துவிட்டான். அதனால் கையுறை. அதில் இரண்டு விரல் காலியாகத் தொங்கியது. பஞ்சைத் திணித்து, இயல்பாகத் தெரிய லேசாக மடக்கியும் விட்டேன். அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பழசைவிட இது நன்றாக இருக்கிறதே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதிகாரி சத்தம் போடாத மனிதர். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுப் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டினார். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் பெயருக்கு எதிரே கட்டம் காலியாக இருந்தது. அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க இன்னும் கையெழுத்துப் போடலையாம்மா?"

அவள் முகம் வெளிறிப்போய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"சத்தியமா இல்ல சார். நான் மெஷின் பக்கமே போறதில்ல. அவரு மட்டும்தான் போட்டிருக்காரு."

என் வீட்டுக்காரரைக் காட்டினாள். அதிகாரி கையுறையைக் கழற்றச் சொன்னார். பஞ்சும் கூடவே வந்தது.

அண்ணன் முந்திக்கொண்டான். மெஷினில் இரண்டு பொத்தான், இரண்டு கையாலும் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். வேலை வேகமாக நடக்க மாப்பிள்ளை ஒரு பொத்தானை அழுத்தினபடியே டேப் போட்டு ஒட்டிவிட்டார், அவருடைய கவனக்குறைவுதான் என்றான். ஒரு வருஷமாக எல்லோரிடமும் சொன்ன கதை. நானும் சொன்ன கதை.

அதிகாரி விபத்துப் பதிவேட்டை என் முன்னால் விரித்து, நடந்ததை எழுதச் சொன்னார். தேதி, நேரம், எந்தக் கை. காரணம் என்ற இடத்தில் "தொழிலாளியின் கவனக்" வரை எழுதியிருப்பேன்.

"டேப்பை ஒட்டினது நானில்ல" என்றார் என் வீட்டுக்காரர். "ஆர்டர் அவசரம்னு மச்சான்தான் ஒட்டினாரு."

அந்தக் கைக்குக் கட்டு மாற்றியவள் நான். தினமும் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது, கொஞ்சம் பார்த்து வேலை செய்திருக்கலாம் என்று குத்திக்காட்டியவளும் நான்தான். என்ன நடந்தது என்று ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உங்க அண்ணனாச்சே."

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கண்ணாலேயே கெஞ்சுவானே, அந்தப் பார்வை. அப்போதெல்லாம் நான் சொன்னதில்லை.

எழுதியதை அடித்துவிட்டு, அவன் பெயரை முழுசாக எழுதினேன்.