புத்தருக்கு வந்த கோபம்

கிடங்கில் கிரேன்காரருக்குக் கிண்டலாக வைத்த பேர் புத்தர். முன்பெல்லாம் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மேலாளரின் சட்டையைப் பிடித்துப் பழைய வேலையைத் தொலைத்த ஆள். மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகுதான் ஞாயிறுதோறும் விகாரைக்குப் போய்க் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்தார். கோபம் வந்தால் மூச்சைக் கவனி, அது வருவதும் தெரியும், போவதும் தெரியும் என்றார்கள் அங்கே. கவனித்தார். ஆறு மாதமாக யார் என்ன சொன்னாலும் ஒரு சிரிப்புதான். தேறிவிட்டதாகவே நம்பினார், பாவம்.

அன்று காலை நாலு டன் இரும்புத் தகடுகளைத் தூக்க வேண்டியிருந்தது. கட்டியிருந்த கம்பிக் கயிற்றில் இழைகள் பிய்ந்து முள் முள்ளாக நின்றன. கீழே கொக்கி மாட்டிக்கொண்டிருந்தவன் மனைவியின் தம்பி, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"சார், கயிறு பிஞ்சிருக்கு," என்று கேபினிலிருந்து தலையை நீட்டினார் புத்தர்.

"தெரியும்யா. தூக்கு. லாரி நிக்குது," என்றார் சூப்பர்வைசர்.

"தூக்குங்க மாமா, நேத்தும் இதே கயிறுதானே," என்றான் மைத்துனன். குரலில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

புத்தருக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் ஏறியது. மூச்சைக் கவனித்தார். உள்ளே, வெளியே. கோபம் வடிந்தது, நெஞ்சு குளிர்ந்தது, கை தன்பாட்டில் லீவரை இழுத்தது. தகடுகள் ஒரு சாண் எழும்பின. பட்டென்று ஓர் இழை அறுந்தது.

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபத்தோடு வாயைத் திறக்கிற தைரியமும் சேர்ந்தல்லவா வடிந்துபோயிருக்கிறது! ஆறு மாதமாகப் பொறுமை என்று பேர் வைத்து வளர்த்தது இதைத்தானா?

சுமையை மெல்ல இறக்கினார். எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவிக்கொண்டு கீழே வந்தார்.

"சாவியக் குடுய்யா!"

"குடுக்க மாட்டேன்."

"என்ன, புத்தருக்கே கோபமா?"

"ஆமா சார். ரொம்பக் கோபம்."

பளாரென்று புத்தரின் கன்னத்தில் அறை விழுந்தது. எல்லாருடைய கண்ணும் புத்தரின் வலது கையைப் பார்த்தது. மைத்துனன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். திருப்பிக் கொடு, கொடு என்று உடம்பெல்லாம் துடித்தது. இறுக்கிப் பிடித்த சாவி உள்ளங்கையில் குத்தியது. இந்தத் தடவை கோபத்தை அவர் விரட்டவில்லை. அதையும் வைத்துக்கொண்டே நின்றார்.

"அடிச்சாச்சுல்ல சார்? இப்பப் போய்ப் புதுக் கயிறு கொண்டுவாங்க."

மைத்துனன் கொக்கியைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றான்.