கோகிலா எழுந்து வரும் வரை

கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்துவிடுவது என்ற முடிவோடுதான் சங்கரேஸ்வரி அறைக்கதவைத் தள்ளினாள். வெளியே அண்ணன் பேச்சிராஜைக் குளிப்பாட்டி, மாலை போட்டுப் படுக்க வைத்தாயிற்று. பெண்டாட்டி கோகிலா வந்து வாய்க்கரிசி போட வேண்டியதுதான் பாக்கி. அவளோ நேற்றைய நைட்டியோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"புருஷன் போயிட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல பாரேன்" என்று பந்தலில் பேச்சு கிளம்பிவிட்டது. சங்கரேஸ்வரியே இதைவிட மோசமாகப் பேசியவள்தான். மதினி படுக்கையைவிட்டு எழுவதற்காக அண்ணன் தினமும் காலையில் காத்துக்கிடந்துவிட்டு, திருவேங்கடம் ரோட்டிலிருக்கும் மோட்டார் வைண்டிங் கடையைப் பதினொரு மணிக்குத் திறப்பான். "ஊருல யாருக்குத்தான் கவலை இல்ல? ஒம் பொண்டாட்டிக்கு மட்டும் மாத்திரை கேக்கோ?" என்று ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டாள்.

"அவ படுத்திருக்கலட்டி, விழுந்து கிடக்கா. விழுந்தவள ஏசுனா எந்திரிப்பாளா?" என்றான் அவன். நேற்று மதியம் அதே கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் பிறகு எழவேயில்லை.

சங்கரேஸ்வரி கோகிலாவின் கையைப் பற்றினாள். அது துவண்டு கிடந்தது.

"எந்திரிக்கணும்னுதான் நெனைக்கேன், சங்கரி. விடியக்காலமிருந்து நெனைக்கேன். முடியல." கோகிலா சுவரிடமே பேசினாள். "அவுக முகத்தப் பாக்கவிடாம தூக்கிருவாவளோ?"

சங்கரேஸ்வரி அந்தக் கையை விட்டாள். ஆறு வருஷமாக ஏசியிருக்கிறாளே தவிர, ஒருநாளும் விசாரித்ததில்லை.

"இப்படி முடியலன்னா அண்ணன் என்ன செய்வான், மதினி?"

"ஒண்ணும் செய்யமாட்டாவ. இங்கன தரையில உக்காருவாவ. 'கால மட்டும் கீழ வை, போதும்'பாவ. அப்புறம் பேசாம இருப்பாவ."

வாசலிலிருந்து தங்கசாமி மாமா குரல் கொடுத்தார். "ஏட்டி, நேரமாவுது. தூக்கணும்லா!"

சங்கரேஸ்வரி கதவருகே போனாள். "தூக்கப்பிடாது, மாமா. மதினி வருவாவ. ஆறு வருஷமா எங்கண்ணன் தெனமும் நின்னாம்லா, ஒருநாள் நீங்க நின்னா என்ன?"

கொட்டுக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்தார்கள்.

அவள் திரும்பி வந்து தரையில் அமர்ந்தாள். "கால மட்டும் கீழ வைங்க, மதினி. போதும்." அதன்பிறகு அவள் பேசவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு கால் தரையைத் தொட்டது. இன்னொன்று வருவதற்குள் பந்தல் நிழல் சுவர்வரை நகர்ந்துவிட்டது.

கோகிலா அதே நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, நாத்தனாரின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாரோ அவள் கையில் அரிசியைக் கொடுத்தார்கள். அவள் அதைப் போடாமல் கணவனின் முகத்தருகே குனிந்தாள்.

"எந்திரிச்சிட்டேன்" என்றாள். "பாத்தியளா?"

அரிசி அவள் விரலிடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திக்கொண்டிருந்தது.