வரிசையின் கடைசி ஆள்

சேரன்மகாதேவி ஆற்றங்கரையில் என்.சி.சி. முகாம் தொடங்கிய அன்றே பொறுப்பு அதிகாரி இன்பமணி மேடம் சொல்லிவிட்டார். "தலைமை தாங்குதவ கடைசியாத்தான் சாப்பிடணும். தன் ஆளுக சாப்பிட்டாச்சான்னு பாத்த பொறவுதான் தட்டத் தூக்கணும்."

உவரியிலிருந்து வந்த ஃபிளோரா ஓர் அணிக்குத் தலைவி. முகாம் முடிவில் ஒருத்திக்குத்தான் அண்டர் ஆபீசர் பதவி. ராணுவ அதிகாரியாகும் கனவில் இருந்தவளுக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் அன்று மதியமே சாப்பாட்டு வரிசையில் அவளுக்கும் பின்னால் போய் நின்றாள், அதே அணியிலிருந்த கல்லிடைக்குறிச்சி ஸ்ரீலக்ஷ்மி.

இரவும் அதே கதை. மறுநாளும் அதே கதை.

"ஏளா, பாத்தியா. மேடம் கண்ணுல படணும்னே நிக்கா," என்றாள் ஃபிளோரா.

"பாவம் அவ, வாயே தொறக்க மாட்டா," என்றாள் தோழி அஞ்சலின்.

"வாயத் தொறக்காதவளத்தான் நம்பப்படாது."

அதன்பின் ஃபிளோராவுக்குப் பயிற்சி எதிலும் மனம் ஒட்டவில்லை. ஸ்ரீலக்ஷ்மி மேடத்துக்கு வணக்கம் வைத்தால் சந்தேகம். சிரித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாம் நாள் இரவு கோழிக் குழம்பு. ஃபிளோரா தட்டோடு போய் ஸ்ரீலக்ஷ்மிக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"நீ முன்னாடி போ. நான் அப்பறம் வாங்கிக்கறேன்."

"நான்தான் தலைவி. நீ வாங்கு, நான் பாக்கணும்."

கோழிக்கும் சாம்பாருக்கும் மாறி மாறிப் போய்வந்த ஒற்றைக் கரண்டியை ஸ்ரீலக்ஷ்மி பார்த்தாள். பசியில்லை என்று சொல்லி வரிசையை விட்டு விலகினாள். குட்டு உடைந்ததும் ஓடுகிறாள் என்று ஃபிளோரா நினைத்தாள். கடைசி ஆளாக வாங்கிச் சாப்பிட்ட அந்தக் குழம்பு அவளுக்கு அத்தனை ருசித்தது.

காலை அணிவகுப்பில் ஸ்ரீலக்ஷ்மி மயங்கி விழுந்தாள். நிழலில் படுக்க வைத்துத் தண்ணீர் கொடுத்து மேடம் விசாரித்தார்.

"எல்லாரும் போனப்பறம் வெறும் சாதமும் மோரும் வாங்கிப்பேன் மேடம். கோழிக் கரண்டி பட்டது எனக்கு ஆகாது. சொன்னா எல்லாரும் கேலி பண்ணுவாளோன்னு பயம்."

"நேத்து ராத்திரி?"

"வாங்கலை." ஃபிளோராவின் பெயரை அவள் எடுக்கவில்லை.

மேடம் அணியைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து வரிசையில கடைசியா நின்னது யாரு?"

வந்த நாளிலிருந்து ஃபிளோரா காத்திருந்த கேள்வி அது.

"நான்தான் மேடம்."

"அப்போ இவ சாப்பிட்டாளான்னு பாத்தியா?"

ஃபிளோராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பாத்துக்கிட்டேதான் இருந்தேன் மேடம்," என்றாள். "சாப்பிடல."