தட்டில் வைத்த ஒற்றை வெள்ளி

கஜா பெராங் ஊரில் பூங்காவனத்தின் பசு கத்தினால், சிங்கப்பூரில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். அப்படிப்பட்ட பசு. ஜப்பான்காரன் ஆட்சியில், வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை ஒரு கோணி சுமந்துபோய் ஒரு கோழிமுட்டை வாங்கிவந்த காலம் அது. புருஷனை இழந்த பூங்காவனத்துக்கும் மகள் கோகிலாவுக்கும் அந்தப் பசுதான் சோறு.

அதைத்தான் கேட்டு வழக்குப் போட்டிருந்தான், கூடப்பிறந்த அண்ணன் மருதமுத்து. ஜப்பான் சண்டைக்கு முன்னால், கோகிலாவின் காதுகுத்துக்கு அவன் கொடுத்த பணத்தில் வாங்கிய மாடு. தாய்மாமன் சீர் என்றாள் இவள். கடன் என்றான் அவன். நோட்டு வேண்டாம், மாடுதான் வேண்டுமாம்.

எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. தமிழரான மாஜிஸ்திரேட் தலையைச் சொறிந்து சொறிந்து பாதி வழுக்கையானார்.

“எவ்வளவும்மா குடுத்தாரு?”

பூங்காவனம் அண்ணனைப் பார்த்தாள். பட்டினி பொறுப்பான்; கஞ்சன் என்றால் பொறுக்கமாட்டான்.

“முப்பது வெள்ளிங்கய்யா. மொட்டையா முப்பது. ஊர்ல சீர் வைக்கிறவங்க மேல ஒத்த வெள்ளி சேர்த்துதான் வைப்பாங்க. எங்கண்ணனுக்கு அதுக்குக் கை வரல.”

கோர்ட்டே சிரித்தது. மருதமுத்து துள்ளி எழுந்தான்.

“யாருடி மொட்டையா வெச்சது? முப்பத்தொண்ணு! சந்தனத் தட்டுல, வெத்தலை மேல, என் கையால வெச்சேன்!”

“கடன் குடுக்கிறவன் மேல ஒண்ணு வைப்பானாய்யா?” என்றார் மாஜிஸ்திரேட். வழக்கு அதோடு முடிந்தது.

ஜெயித்த பூங்காவனம் வீடு திரும்பினாள். பின்னாலேயே வந்த அண்ணன் படலுக்கு வெளியே நின்றுவிட்டான். கன்னம் ஒட்டி, சட்டைக்குப் பதில் கோணி. ஜெயித்த ருசி அவள் நாக்கில் நிற்கவில்லை.

“அண்ணி எப்படி இருக்காங்க?”

“மரவள்ளியத் தின்னு பால் வத்திப்போச்சு. கைக்குழந்தை அழுவுது.”

“பால் வேணும்னு கேட்டிருக்கலாமில்ல? கோர்ட்டுக்குப் போக மட்டும் வெக்கமா இல்லியா?”

“கேட்டா பிச்சை, பூங்கா. வழக்குன்னா உரிமை.”

அவள் கொட்டிலுக்குப் போய்ப் பால் கறந்து வந்தாள். படியால் அளந்து ஒரு தகரக் குவளையில் ஊற்றினாள்.

“கடனா இருக்கட்டும், அப்புறம் குடுத்துடுறேன்” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

பூங்காவனம் கரண்டியை எடுத்து, அளந்த பாலுக்கு மேல் இன்னும் ஒரே ஒரு கரண்டி ஊற்றினாள்.

மருதமுத்து அதைப் பார்த்தான். குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.