தேடியபோது வராத பெயர்

புற்றுநோயாளிகளின் வீட்டுக்கே போய் இலவசமாக வலியைத் தணிக்கும் சிறிய அமைப்பு அது. அதன் இணையதளத்தைக் கவனித்துக்கொண்டவள் அங்கிருந்த நர்ஸின் தங்கை. ஒரு நாள் காலையில் பக்கத்துத் தெருத் தையல்காரர், இறந்துபோன மனைவியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழையதை இங்கே வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னார்களாம். சுவரில் 'வலிக்கு இலவச மருந்து' என்றிருந்த போர்டை வாசித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வலிக்கு மருந்தும் குடுப்பீங்களாம்மா? நான் போன்ல தேடாத நாளில்லையே!"

"என்னன்னு தேடினீங்கண்ணே?"

"வலி தாங்க முடியல, என்ன செய்றதுன்னு."

அவள் அதையே கணினியில் தட்டினாள். மருத்துவமனை விளம்பரங்கள்தான் வரிசைகட்டி வந்தன. அமைப்பின் இணையதளத்தில் எங்கும் 'நோய்த்தணிப்புப் பராமரிப்பு' என்றே இருந்தது. வலி என்ற சொல்லே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து முதல் வரியை மாற்றினாள்: 'வலி தாங்க முடியவில்லையா? வீட்டுக்கே வருகிறோம்.'

"இனிமே தேடினா வந்துருமாம்மா?"

"உடனே வராதுண்ணே. கொஞ்ச நாளாகும்."

"அதுவரைக்கும் தேடுறவங்க?"

அவள் மறுபடி தேடிப் பார்த்தாள். விளம்பரங்களே வந்தன.