குழு பார்க்க வேண்டிய கால்

1951. ராயபுரம் யார்டில் வெறுங்காலோடு பழைய இரும்பு சுமந்த வேம்புவின் இடது பாதத்தில், திங்கட்கிழமை, துருத் தகடு இறங்கியது. கூலிகளுக்கு பூட்ஸ் கேட்டு சங்கம் இரண்டு வருடமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தது. விசாரிக்க அரசாங்கக் குழு வியாழனன்று வருவதாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா கட்டுப் போட்டு மறைச்சிடுவானுங்கோ. மூணு நாளு பொறுத்துக்க மாமு" என்றார் சங்கச் செயலாளர் நீலமேகம்.

புதன்கிழமை புண் சீழ் பிடித்தது. "நாத்தம் தாங்கல நைனா" என்றாள் வேம்புவின் மனைவி சொக்கம்மாள்.

"வர்றவனுங்களுக்கும் நாறட்டும்மே. அப்பத்தான் எழுதுவானுங்கோ."

வேம்பு சம்மதித்தான். பூட்ஸ் கேட்ட முதல் மனுவில் அவன் கைநாட்டும் இருந்தது.

குழு அடுத்த திங்கட்கிழமைதான் வந்தது. தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார், எழுதிக்கொண்டார். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்கு மேல் வெட்டினார்கள்.

இரண்டு மாதத்தில் அரசாணை வந்தது. வெற்றிக் கூட்டத்தில் முதல் ஜோடியை நீலமேகம் வேம்புவுக்கே கொடுத்தார். கைதட்டல் ஓயவில்லை. வேம்பு மேடையிலேயே வலது பூட்ஸை மாட்டிக்கொண்டான்.

கூட்டம் கலைந்ததும் நீலமேகம் வந்தார்.

"ஆர்டர்ல வேல செய்யறவனுக்குத்தான் பூட்ஸுன்னு கீது மாமு. திருப்பிக் குடுத்துடு."

சொக்கம்மாள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள்.